மாதப்பாவின் காலும் ஒரு கட்டு பீடியும்

போன வாரம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆண் நர்ஸ் ஒருவர், பழைய ஆஸ்பத்திரி வார்டர் என்று என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவிலும் இனிப் புகை பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறதாம். சுவரில் போர்டும் மாட்டிவிட்டார்களாம்.

"போர்டு மாட்டறவங்களுக்கு என்னங்க, மாட்டிட்டுப் போயிட்டாங்க. புத்தி கலங்கினவன்கிட்டப் போயி பீடிய வுடுன்னா வுடுவானா? நீங்கெல்லாம் அந்தக் காலத்துல என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் என்ன பண்ணினோம்? பீடி பற்றவைத்துக் கொடுத்தோம். என் வேலைக் காலத்தில் பாதி அதிலேயே போயிற்று. ஆனால் பீடியை விட்ட ஒருத்தனையும் பார்த்திருக்கிறேன். நான்தான் விட வைத்தேன் என்று சொன்னால் அது புளுகு. கூட இருந்தேன், அவ்வளவுதான். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது என் மனைவி குறுக்கே குறுக்கே பேசிக்கொண்டிருந்தாள். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம் தனியாக நின்றது. பின்வார்டு என்று பெயர். புத்தி கலங்கியவர்களைச் சொந்தக்காரர்களோ போலீசோ கொண்டுவந்து விட்டால், கொஞ்ச காலம் அங்கே வைத்துப் பார்ப்போம். தெளிந்தவர்கள் ஊருக்குப் போவார்கள். தெளியாதவர்களை மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கி, மொரப்பூரில் ரயில் ஏற்றி மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் மெட்ராஸ் என்ற பேச்சை எடுத்தாலே கூட வந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடி வாங்காமல் குளிப்பாட்டுவது, அடி வாங்காமல் சோறு ஊட்டுவது, ஆளுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பேசுவது. இந்த மூன்றையும் ஹெட் வார்டர் அங்கமுத்து சொல்லிக் கொடுத்தார். நாலாவதாக அவர் சொல்லிக் கொடுத்தது பீடி.

பின்வார்டில் பீடிதான் மருந்து, பீடிதான் கூலி, பீடிதான் பிரம்பு. குளித்தால் ஒன்று, கஞ்சி குடித்தால் ஒன்று, முற்றம் கூட்டினால் ஒன்று. சத்தம் போட்டால் அன்றைக்குக் கிடையாது. பீடிக் கட்டு அங்கமுத்துவின் காக்கிச் சட்டைப் பையில் இருக்கும். தீப்பெட்டியை நோயாளிகள் கையில் கொடுக்கக் கூடாது, பாய் எரிந்துவிடும். அதனால் நாங்களே எங்கள் வாயில் வைத்துப் பற்றவைத்து அவர்கள் வாய்க்கு மாற்ற வேண்டும். பீடிப் பழக்கமே இல்லாத நான், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு கட்டு இழுத்தவன் போல நாறுவேன். கல்யாணமான புதிதில் இதை நம்ப வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

பீடியை நிறுத்திப் பார்த்ததும் உண்டு. பாலக்கோட்டுக்காரர் ஒருவருக்கு நெஞ்சில் கோளாறு. அப்போதிருந்த டாக்டர் "அவனுக்குப் பீடி கட்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் மற்றவர்கள் போட்ட துண்டுகளைப் பொறுக்கித் தலைமுடிக்குள் செருகி வைத்தார். நாங்கள் பிடுங்கினோம், அவர் கடித்தார். கடைசியில் நாங்களே பழையபடி பற்றவைத்துக் கொடுத்தோம். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். பாவம், நல்லா கூத்துப் பாட்டுப் பாடுவார்.

பிறகு இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டாக்டர் தங்கையா வந்தார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் கத்த மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைப்பது நீண்டுகொண்டே போனால் நாங்கள் நழுவிவிட வேண்டும். மடியில் எப்போதும் மூக்குப்பொடி மட்டை இருக்கும். எந்த நோயாளி வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் ஒரு முக்காலியைப் போட்டு அவன் காலடியில் உட்கார்ந்துகொள்வார். பாதம், நகம், வெடிப்பு, வீக்கம் என்று பார்த்து மேலே வருவார். "மூஞ்சி நடிக்கும் வே, காலு நடிக்காது" என்பார். வந்த புதிதில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்படிக் காலைப் பார்த்துத்தான் மாதப்பாவின் கதை தொடங்கியது.

மாதப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன். என் வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம், வெளியே எங்களைப் போலத் தமிழ். அவன் மனைவி கெம்பம்மா ஒரு கட்டை வண்டியில் அவனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றரை வருஷமாக அவன் தலைக்குள் அருவிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். பீடி இழுத்தால் மட்டும் கொஞ்ச நேரம் வாயை மூடுகிறான். அதனால் மாதப்பா ஒன்று அணைவதற்குள் இன்னொன்றைப் பற்றவைப்பான். யாரையும் அடித்தது கிடையாது. நடுஆற்றில் துடுப்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டதால் ஊரார் பயந்துபோய்ப் பரிசலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து இடது காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். இரண்டு விரல்கள் கரிக்கட்டை மாதிரி இருந்தன. நாற்றம் எங்களை வாசல் வரைக்கும் தள்ளியது. அவர் நகரவில்லை. பாதத்தின் மேல், கணுக்காலின் உள்பக்கம், முட்டிக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாக விரல் வைத்து, கண்ணை மூடி நாடி தேடினார். முட்டிக்குப் பின்னால்தான் கிடைத்தது போல. "இங்கன இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கெம்பம்மாவை வெளியே கூப்பிட்டு விளக்கினார். பீடிப் புகையால் கால் இரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டு வருகிறது. பீடியை அடியோடு விட்டால் இந்த இரண்டு விரலோடு நிற்கலாம். விடாவிட்டால் சேலத்துக்கு அனுப்பி முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகும் விடாவிட்டால் மற்றக் காலும் போகும்.

கெம்பம்மா அழவில்லை. "காலு போனா பரிசலு போச்சுங்க. பரிசலு போனா இவுரு மனுசனே இல்லீங்க. பேச்சு கேக்குதோ என்னமோ கேட்டுட்டுப் போவட்டும், அது எனக்குப் பழகிப்போச்சு. காலக் காப்பாத்திக் குடுங்கய்யா" என்றாள். பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டு வந்திருந்ததால் அதே வண்டியில் திரும்பிப் போனாள். அவர்களை மாமியார் வீட்டில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

டாக்டர் உள்ளே வந்து மாதப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "கால் வேணுமாடே உனக்கு?" என்றார். மாதப்பா தலையாட்டினான். "அப்ப இனிமே குடிக்கப்படாது. கேட்டியா? குடிக்கவே படாது. சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினார். மாதப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கையை வைத்து அழுத்தினான்.

ஆனால் அன்று சாயங்காலமே அங்கமுத்துவிடம் கை நீட்டினான். "பீடி குடுங்கண்ணா."

"பாத்தியா, கையடிச்சுக் குடுத்த ஈரம் காயல" என்றார் அங்கமுத்து. கொடுக்கவில்லை. மாதப்பா பக்கத்துப் பாய்க்காரனிடம் வாங்கி, ஒளிக்காமல் மறைக்காமல் எங்கள் கண் முன்னாலேயே இழுத்தான். டாக்டரிடம் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் அவன் கஞ்சியைத் தொடவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தான். மிக்சர் மருந்தை வாயில் ஊற்றினால் துப்பினான். சோற்றில் விஷம் இருப்பதாக நினைத்துச் சாப்பிடாத ஆட்கள் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இவன் களியைத் தின்றான். உருண்டையைக் கையில் கொடுத்தால் மென்று மென்று முழுங்கினான். விஷ பயம் என்றால் களியை மட்டும் எப்படித் தின்பான்? "தலைக்குள்ள இருக்கறவன் சொல்லியிருப்பான்" என்று பேசிக்கொண்டோம். சித்திரை வெயில் வேறு. அதற்கு மறுநாள் உதடு வெடித்து, நாக்கு தடித்து, பேச்சு குழறியது. களியும் இறங்கவில்லை. காலில் கறுப்பு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றினால் இரத்தம் இன்னும் இறுகும், கால் சீக்கிரமே போய்விடும் என்றார் டாக்டர். குழாய் வைக்கச் சொன்னார்.

குழாய் வைப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரப்பர் குழாயை வெந்நீரில் போட்டு எடுத்து விளக்கெண்ணெய் தடவ வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாக மெல்ல இறக்க வேண்டும். இறங்கியதும் குழாயின் வெளிமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துப் பார்ப்போம். மூச்சோடு குமிழி வந்தால் அது நெஞ்சுக்குள் போயிருக்கிறது, உடனே உருவ வேண்டும். குமிழி இல்லை என்றால்தான் புனல் வைத்து உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை ஊற்றலாம். ஆள் திமிறினால் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

மாதப்பா திமிறவில்லை. குழாயைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது. டாக்டரையே பார்த்தான். அந்த நேரத்தில் கெம்பம்மா கேப்பை மூட்டையோடு உள்ளே வந்தாள். புருஷன் உதட்டைப் பார்த்தாள், என் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் தாடையைப் பிடித்து, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவர்கள் பாஷையில் கேட்டாள்.

"யாக்கெ நீரு குடியல்ல?"

அவன் குழறிக் குழறிச் சொன்னான். "டாக்டரு குடிபேடா அந்தரு."

எனக்குக் கன்னடம் அரைகுறைதான். அதற்கே அது புரிந்துவிட்டது. டாக்டர் "என்ன வே சொல்லுதான்?" என்றார்.

"நீங்கதான் குடிக்க வேண்டாம்னு சொன்னீங்களாங்க" என்றேன்.

குழாயைக் கீழே வைத்தேன். டாக்டர் ஊரில் தண்ணீரையும் குடிப்பார்கள், பீடியையும் குடிப்பார்கள். எங்கள் பக்கம் பீடியை இழுப்போம், பிடிப்போம். மாதப்பா வீட்டு பாஷையில் பீடி 'சேதறது'. குடிப்பது என்றால் தண்ணீர், கஞ்சி, அவ்வளவுதான். கால் வேண்டுமென்றால் குடிக்காதே என்று டாக்டர் சொன்னார். அவன் குடிக்கவில்லை. தொண்டை வறண்டு சாகக் கிடந்தும் குடிக்கவில்லை. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவன், தலைமாட்டில் சொம்பை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏ அப்பா" என்றார். பிறகு சொம்பைத் தானே எடுத்து அவன் வாயில் சாய்த்தார். "குடி ராசா, குடி. தண்ணி குடிக்கலாம். நான் சொன்னது அது இல்ல." கெம்பம்மா அதையே கன்னடத்தில் சொன்னாள். மாதப்பா குடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தோம்.

அன்றைக்கு வெளியே வந்ததும் டாக்டர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இவனுக்குக் கட்டுப்பாடு கெடயாது, சொன்ன சொல்லு நிக்காதுன்னீங்களே. நம்ம எவனாவது ஒரு வார்த்தைக்காவத் தண்ணிய விடுவமா?" அங்கமுத்து தலையைச் சொறிந்தார்.

அவனுக்கு உடம்பு தேறிய பிறகு டாக்டர் கெம்பம்மாவிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்து, மாதப்பாவிடம் அவன் பாஷையிலேயே சொன்னார். "நீரு குடி. பீடி சேதபேடா." அந்தத் திருநெல்வேலிக் கன்னடத்தைக் கேட்டுக் கெம்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாதப்பா சிரிக்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"அது ஆவாதுங்க" என்றான். "தண்ணி வுடச் சொல்லுங்க, வுடறேன். பீடி வுட்டா அவன் வுட மாட்டான். பகலும் ராவும் வையறான். அந்த ஒரு பீடி நேரந்தான் எனக்கு நிம்மதி."

அவனிடம் இருந்த ஒரே சுகத்தையல்லவா நாங்கள் கேட்டோம். டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆமா, வைவான். கொஞ்ச நாளைக்குக் கூடவே வைவான். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. காலுக்குத்தான் வழி இருக்கு" என்றார். மாதப்பா காலைப் பார்த்தான். சத்தியம் எதுவும் செய்யவில்லை. "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

பின்வார்டில் ஒருத்தனுக்கு மட்டும் பீடியை நிறுத்த முடியாது என்பது பாலக்கோட்டுக்காரர் விஷயத்திலேயே தெரிந்துபோயிற்று. டாக்டர் எல்லோருக்கும் வறுத்த கடலை கொடுக்கச் சொன்னார். குளித்தால் ஒரு கை கடலை, முற்றம் கூட்டினால் ஒரு கை கடலை. பீடி வேண்டும் என்கிறவன் வார்டுக்கு வெளியே, கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் இழுக்க வேண்டும், மாதப்பா கண்ணில் படக் கூடாது. "பீடி இல்லாம இவனுங்கள மேய்க்க முடியாதுங்கய்யா. வார்டே எரிஞ்சு போயிரும்" என்றார் அங்கமுத்து. எரியவில்லை. இரண்டு பேர் கத்தினார்கள், ஒருத்தன் சட்டியை உடைத்தான், மற்றவர்கள் கடலை தின்றார்கள். கடலை வறுக்கிற வேலைதான் என் தலையில் விழுந்தது.

குரல் திட்ட ஆரம்பித்ததும் மாதப்பாவின் கை பீடியைத் தேடும். அந்த நேரத்தில் செய்ய டாக்டர், பாய்க்குப் பதில் ஒரு கட்டிலைப் போடச் சொல்லி, அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். மல்லாக்கப் படுத்து, பாதம் வெளுக்கும் வரை காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். பிறகு எழுந்து, பாதம் சிவக்கும் வரை கட்டில் ஓரத்தில் தொங்கப் போட வேண்டும். பிறகு நீட்டிப் படுத்துக் கம்பளியால் மூட வேண்டும். இரத்தத்துக்கு வழி பண்ணும் பயிற்சி அது. பக்கத்தில் நானோ கெம்பம்மாவோ உட்கார்ந்து "வெளுத்திருச்சு", "செவந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்போம். சில நாள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வான். சில நாள் தலைக்குள் இருப்பவனிடம், "இருடா, காலு வேலை இருக்கு" என்பான்.

ஒருநாள் டாக்டர் பொடி போடுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க மூக்குல சேதறீங்களே, அது ஆவுமா?" என்று கேட்டான். டாக்டர் தும்மினார். "ஆவாதுதான்" என்றார். அதற்கப்புறம் அவன் முன்னால் மட்டை வெளியே வந்ததே இல்லை. என் கணக்குக்கு அவர் பொடியை விடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டார்.

நடுவில் ஒருமுறை சறுக்கினான். விறகு கொண்டுவந்த வண்டிக்காரனிடம் ஒரு பீடி வாங்கி, இழுத்து முடித்து, நேரே டாக்டர் அறை வாசலுக்கு நொண்டி வந்தான். "சேதிட்டேன்" என்றான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஒரு பீடிக்காகவே காலை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்திருப்பான் போல. டாக்டர் முக்காலியைப் போட்டுக் காலைப் பார்த்தார். கணுக்காலின் உள்பக்கம் விரல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "சின்னச்சாமி, இங்க வாரும். நீரும் வச்சுப் பாரும்" என்று என்னைக் கூப்பிட்டார். வைத்தேன். குஞ்சுக் குருவியைக் கையில் பிடித்தால் துடிக்குமே, அந்த மாதிரி ஏதோ மெல்ல இடித்தது. முன்பு அந்த இடத்தில் நாடியே இல்லை. மாதப்பாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். அவன் அதைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பீடிக்காக அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கறுப்பு மேலே ஏறாமல் நின்றது. கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதற்காகத்தான் டாக்டர் காத்திருந்தார். அந்தக் கோட்டிலேயே இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார். புண் ஆறியது. மெட்ராசுக்கும் அனுப்பவில்லை, சேலத்துக்கும் அனுப்பவில்லை. கெம்பம்மா அவனை வண்டி வரைக்கும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது டாக்டர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, முக்காலியில் இடித்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்த பிறகு, மைத்துனன் பிள்ளைக்கு மொட்டை போட ஒகேனக்கல் போயிருந்தேன். என்னை மாதப்பாவுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. ஊரார் பரிசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பிடிவாதமாக ஏற்றிக்கொண்டான். எங்களோடு ஏறிய இன்னொருத்தர் நடுஆற்றில் பீடியைப் பற்றவைத்தார். புகை நேராக மாதப்பா முகத்துக்குப் போயிற்று. அவன் மூக்கு விரிந்ததை நான் பார்த்தேன்.

"மாதப்பா, இன்னும் அவன் வையறானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வையறானுங்கண்ணா. இப்பக்கூட வையறான்."

"பீடி கேக்கறானா?"

"கேக்காம இருப்பானா?" துடுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டான். "கேக்கறது அவன். காலு என்னுதுங்களே."

திரும்பி வந்து கரையில் எங்களை இறக்கிவிட்டான். கெம்பம்மா வீட்டில் மீன் வறுத்துக்கொண்டிருப்பாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். பரிசலுக்குள் ஆள் மறைந்துவிட்டான். பாறை மேல் ஏறிப் போகிற இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.